துலுக்காத கிடா

என் விசிட்டிங் கார்டில் 'மேலாளர், நிகழ்ச்சிகள் மற்றும் விளம்பரம்' என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுப் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். காரமடையைத் தாண்டி மேட்டுப்பாளையம் போகும் வழியில், பாக்குத் தோப்புக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய பங்களாவைக் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கம்பெனிக் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடுவதுதான் என் வேலை. விடுவதுகூடச் சுலபம். வாடகைக்கு வந்தவர்களின் பூ அலங்காரத்தை ஓர் ஆட்டுக்கிடாயிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம். அதை எழுதக் கார்டில் இடமில்லை.

பங்களாவைக் கட்டியவர் இப்போதைய முதலாளியின் பாட்டனார். பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்தவர். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், பூப்போட்ட தரை, மாடியிலிருந்து பார்த்தால் நீலமாக மலை. வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இங்க ராஜா யாராச்சும் இருந்தாங்களா? வெள்ளைக்காரங்க வந்தாங்களா?" நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளியிடம் கேட்டேன்.

"ஒரு தொரை வந்தாருங்க," என்றார் முதலாளி. "எங்க பாட்டன் கோழியடிச்சுப் போட்டாராமுங்க. காரம் தாங்காம வயித்தால போயி, விடியறதுக்குள்ள குதிரையேறிட்டாராமுங்க. பொறகு ஒருத்தரும் வல்லீங்க."

'ஆங்கிலேய அதிகாரி விருந்துண்டு மகிழ்ந்த மாளிகை' என்று நான் விளம்பரத்தில் எழுதினேன். விருந்துண்டது உண்மைதானே.

கிடாயைப் பற்றிச் சொல்கிறேன். நான் சேர்வதற்கு முன்னால் முதலாளிக்கு நெஞ்சில் அடைப்பு வந்து கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு முதலாளியம்மா தோப்போரத்துக் கருப்பராயனுக்கு வேண்டிக்கொண்டார். மனுசன் உயிரோடு வீடு வந்தால் ஒரு கிடா வெட்டுகிறேன் என்று. மனுசன் வந்துவிட்டார். குட்டி ஒன்று வாங்கிச் சாமி பேரில் நேர்ந்துவிட்டார்கள்.

நேர்ந்துவிட்ட கிடாயை நினைத்த நேரத்தில் வெட்டிவிட முடியாது. நோம்பி அன்று, அதாவது வருஷத் திருவிழா அன்று, சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத்தான் துலுக்குவது என்பார்கள். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டலாம். துலுக்காவிட்டால் அடுத்த நோம்பிவரை அதன் மேல் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. எங்கள் கிடா துலுக்கவில்லை. முதல் வருஷமும் துலுக்கவில்லை, அடுத்த வருஷமும் துலுக்கவில்லை, நான் வந்த பிறகும் துலுக்கவில்லை. மற்றவர்கள் நேர்ந்துவிட்டவை எல்லாம் மரியாதையாகத் துலுக்கிவிட்டுக் குழம்புக்குப் போக, இது மட்டும் பொங்கல் பானைகளைப் பார்த்தபடி நிற்கும். சாயங்காலம் மாலையோடு பங்களாவுக்கு வந்து, போர்ட்டிகோவில் படுத்து, அந்த மாலையையே தின்னும்.

சாமி கிடா என்பதால் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. எங்கள் பக்கத்து ஆட்கள் வேறு மரியாதை தெரிந்தவர்கள். தோட்டக்காரர் அதைப் பார்த்து, "சித்தெ அக்கட்ட நில்லுங்க சாமி, தண்ணி பாய்ச்சோணும்," என்பார். சமையல்காரம்மா, "தக்காளியத் தின்னுபோட்டீங்களே, நாயமுங்களா?" என்று கேட்பார். அது தாடியை ஆட்டிக்கொண்டு அடுத்த தக்காளியைத் தின்னும். என்னை இந்த வீட்டில் இவ்வளவு மரியாதையாக ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

நான் கட்டிய மணவறை வாழைகளைத் தின்றது. ஒரு கார் கம்பெனிக்காரர்கள் மேடையில் வைத்திருந்த பெயர்ப் பலகையின் தெர்மாகோல் எழுத்துகளைத் தின்று, கம்பெனியின் பேரையே பாதியாக்கியது. ஒரு வளைகாப்பில் ஏழு வகைச் சோற்றில் எலுமிச்சை மட்டும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, விட்டுவைத்தது. வாடை வேறு. கிடாயின் வாடை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மாப்பிள்ளையின் அப்பா போர்ட்டிகோவில் நின்று மூச்சை நன்றாக இழுத்து, "பழைய கட்டடம்னா ஒரு வாசனை இருக்கத்தான் செய்யுது," என்றார். ஆமாங்க என்றேன். வேறென்ன சொல்ல?

ஒருநாள் பொறுக்க முடியாமல் முதலாளியிடமே போய்விட்டேன். "ஐயா, வேண்டுதல் பாக்கியா நிக்கறது உங்களுக்கும் மனக்கஷ்டமா இருக்குமில்லீங்களா? வேற கிடா வாங்கி முடிச்சுட்டா நிம்மதியா இருப்பீங்க," என்றேன்.

அவர் சிரித்தார். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாமுங்க."

எனக்கு முகம் சுட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அம்மணி, நீங்க படிச்சவிங்க, நீங்களே சொல்லுங்க. கடன் குடுத்தவன் கடனாளியச் சாக உடுவானுங்களா? கருப்பராயனுக்கு நான் ஒரு கெடா பாக்கி. அத வாங்காம என்னை எப்படீங்க அனுப்புவாரு?"

"டாக்டர் என்ன சொல்றாருங்க?"

"டாக்டரு மாத்திரையச் சொல்றாரு. எனக்குத் தெரியுமுங்க. அது துலுக்காத வரைக்கும் நான் இருக்கறனுங்க. துலுக்குனா அன்னிக்கு என் கணக்கும் முடிஞ்சுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கை சட்டைக்கு மேலே நெஞ்சுத் தழும்பு இருக்கும் இடத்திலேயே இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. ஒவ்வொரு நோம்பிக்கும் இந்த மனிதர் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். பிறகு பந்தியில் கறியைப் பரிமாறும்போது தொடாமல் இருந்து, "இது நம்முளுது இல்லீங்களே?" என்று கேட்பார். இல்லைங்க என்று யாராவது சொன்ன பிறகுதான் சோற்றைப் பிசைவார்.

முதலாளியம்மா இதற்கு நேர்மாறு. "சாமிக்குச் சொன்னதப் பாக்கி வெச்சுட்டு ஊட்டுல சோறு எறங்குதுங்களா? எங்கூட்டுக்காரருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுங்க. இந்த நோம்பிக்காச்சும் அது துலுக்கித் தொலையோணும்!" என்று பால்காரரிடம் சொல்வார், பந்தல்காரரிடம் சொல்வார், பங்களா பார்க்க வந்த வாடிக்கையாளரிடம்கூடச் சொல்வார். எனக்கு அந்த வீட்டில் ஒரு கட்சி கிடைத்தது என்று சந்தோஷமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் பெங்களூரில் குடியேறிய நம்மூர்க் குடும்பம் ஒன்று வந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா பங்களா முச்சூடும் சுற்றிப் பார்த்தார். தூண்களைத் தடவினார். மூன்று நாள் கல்யாணம், எல்லா அறையும் எங்களுக்கே என்றார். இப்படி ஒரு கல்யாணம் வந்தால் மாடிக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்துவிடலாம் என்று முதலாளியம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் கருப்பராயனுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், அவருடைய கிடா பின்னால் வந்து அந்த அம்மாளின் கொண்டையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிடித்து இழுத்தது. சரம் மட்டும் வரவில்லை, கொண்டையும் வந்தது. அது சவுரி என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த அம்மாள் சவுரியைப் பிடுங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. "கல்யாணத்தன்னைக்கு இந்த ஆடு இங்க இருந்துச்சுன்னா, நாங்க இருக்கமாட்டோம்," என்றார்.

"இருக்காதுங்க," என்றேன். நோம்பி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. எப்படியாவது துலுக்க வைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அந்த வாரமே நப்பாசை நம்பிக்கையாகிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று ஒரு ஜோடி வந்திருந்தது. மழையில் நனைவது போலப் படம் வேண்டுமாம். தோட்டக்காரர் ஓஸ் பைப்பைத் தூக்கிப் பிடித்து மழை பெய்வித்தார். மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டில் மண்டியிட்டுப் பூங்கொத்தை நீட்டியபோது, அதை வாங்கிக்கொள்ளக் கிடா வந்தது. பைப் தண்ணீர் அதன் முதுகெல்லாம் நனைத்தது, அது அசையவில்லை. காதுக்குள் இரண்டு சொட்டு விழுந்தது பாருங்கள், தலையிலிருந்து வால்வரை ஒரு உதறல்! மாப்பிள்ளையின் கோட்டில் புள்ளி புள்ளியாகச் சேறு. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தது. போட்டோக்காரர், "இன்னொருக்கா பண்ணச் சொல்லுங்க," என்று என்னிடம் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் பூசாரி சொம்புத் தண்ணீரை அதன் முதுகிலேயே, அதுவும் வாலுக்குப் பக்கமாகவே ஊற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் அது எங்கே துலுக்கும்?

ஓடிப்போய் முதலாளியம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பாக்கு உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஓஸ் தண்ணியும் சாமி தண்ணியும் ஒண்ணுங்களா அம்மணி?" என்றார்.

"இல்லீங்கம்மா, காதுல பட்டா கட்டாயம்…"

"கூரைக்காரரு வாரேன்னாரு, வந்தாருங்களா?"

பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் கூரைக்காரர் நிஜமாகவே வரவில்லை, நான் அவரைத் தேடிப் போய்விட்டேன்.

நோம்பி நெருங்கும்போது வழக்கமான பூசாரிக்கு முட்டியில் ஆபரேஷன். அவருக்குப் பதிலாக அவருடைய மச்சினன் வந்தார். சுறுசுறுப்பான ஆள், எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிற ஆர்வம். என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. காலையிலேயே அவரைப் பிடித்து, மற்ற நிகழ்ச்சிகளுக்கு வரும் நாதஸ்வரக்காரருக்கும் கேக் கடைக்காரருக்கும் சொல்வது போல எல்லாவற்றையும் விளக்கினேன். "முதுகுல ஊத்துனா அது அசையாதுங்க. காதுகிட்ட ஊத்துங்க."

"செஞ்சுபோடலாமுங்கக்கா," என்றார்.

முதலாளியம்மா மைக்கை என் கையில் கொடுத்தார். "கல்யாணத்துக்கெல்லாம் நீங்கதான சொல்றீங்க, சாமிக்கும் சொல்லிப்போடுங்க." எனவே கருப்பராயன் கோயில் முன்னால் மைக்கோடு நான். தோப்பில் வேலை செய்கிறவர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் என்று நல்ல கூட்டம். கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு வெட்டுகிறவர் ஓரமாக நின்றார். பங்களா வராந்தாவில் முதலாளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ரேடியோச் சத்தம் கோயில்வரை கேட்டது.

மற்ற கிடாய்கள் காலையிலேயே துலுக்கிக் குழம்புக்குப் போய்விட்டன. உச்சிப் பொழுதில் கடைசியாக நம்மவர் வந்தார். யாரும் இழுத்து வரவில்லை, தன் மாலைக்காகத் தானே வந்தது. புதுப் பூசாரி சொம்பை எடுத்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சொம்பு கிடாயின் தலைக்கு மேலே போனது.

"சித்தெ இருங்க, பொட்டு வெக்கோணும்," என்று முதலாளியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கிடாயின் முன்னால் மண்டி போட்டார். நெற்றியில் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு கையாலும் அதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இப்ப ஊத்து கண்ணு. தாராளமா ஊத்து," என்றார்.

பூசாரி திகைத்தார். "அம்மா, கையச் சித்தெ…"

"ஊத்து கண்ணு. சாமி காரியம், நிறுத்தக் கூடாது."

அவர் ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் அந்த அம்மாவின் கைமேல் விழுந்து, வளையலில் வழிந்து, பட்டுச் சேலை மடியில் ஓடியது. கிடா அசையவில்லை. இன்னொரு சொம்பு. அசையவில்லை. முதலாளியம்மா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். உதடு மட்டும் முணுமுணுத்தது. 'துலுக்கித் தொலையோணும்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அம்மாதான்! பழைய பூசாரி ஏன் வாலுக்குப் பக்கமாகவே ஊற்றினார், யார் சொல்லி ஊற்றினார் என்பதெல்லாம் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அடி மக்குப் பெண்ணே, இவ்வளவு நாளாக யாருடைய கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தாய்?

கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய வீட்டு அம்மா கிடாயின் காதைப் பொத்திக்கொண்டு கும்பிட்டால், அது அந்த வீட்டு வழக்கமாக இருக்கும் என்பது போல நின்றார்கள்.

"துலுக்கலீங்க," என்று முதலாளியம்மா எழுந்தார். "சாமிக்கு மனசில்ல. அடுத்த வருசம் பாக்கலாமுங்க."

அவர் கையை எடுத்ததும் கிடாயின் தலைமயிரில் தேங்கியிருந்த தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

துலுக்கியது. சும்மா இல்லை. அத்தனை வருஷப் பாக்கியையும் சேர்த்து. கொம்பு, தாடி, முதுகு, வால் எல்லாம் உதற, மஞ்சள் தண்ணீர் பூசாரி மேல், கருப்பராயன் மேல், என் சேலை மேல் தெறித்தது. வெட்டுகிறவர் கத்தியை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். முதலாளியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பயந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வராந்தாவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

பெங்களூர்க் கல்யாணம், கூரை, மூன்று நாள், எல்லா அறையும். எல்லாம் ஒரு நொடி கண் முன்னால் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் பார்த்தால் மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"துலுக்கலீங்க!" என்றேன். ஸ்பீக்கர் தோப்பு முழுக்க எதிரொலித்தது. "சாமி இந்த வருசமும் உத்தரவு குடுக்கலீங்க. பந்தி போட்டாச்சு. எல்லாரும் சாப்பிட வாங்க. சோறு ஆறுதுங்க!"

ஒரு பெரியவர் முகத்தில் தெறித்த மஞ்சள் தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, துலுக்குனாப்பல இருந்துச்சுங்களே…" என்று இழுத்தார்.

பக்கத்தில் இருந்தவர், "ஈ கடிச்சிருக்குமுங்க," என்றார்.

"ஆமாங்க, இந்த வருசம் ஈத் தொல்லை எச்சு," என்றார் இன்னொருவர்.

"அப்படீங்களா, சரீங்க," என்று பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்கு நடந்தார். கூட்டமும் நடந்தது. வெட்டுகிறவர் கத்தியைச் சாக்கில் சுற்றினார். புதுப் பூசாரி மட்டும் காலிச் சொம்போடு நின்று, "அக்கா, நான் சரியாத்தானுங்களே ஊத்துனேன்?" என்றார். ரொம்ப நன்றாக ஊற்றினீர்கள் என்று சொல்லி அவரையும் சாப்பிட அனுப்பினேன். முதலாளியம்மா என்னிடம் வந்தார். ஈரக் கையால் என் முழங்கையை ஒரு தரம் இறுக்கிப் பிடித்துவிட்டுச் சமையல் பக்கம் போய், "ரசத்துக்கு உப்புப் பாத்தீங்களா?" என்று சத்தம் போட ஆரம்பித்தார்.

நான் பாக்கு மரத்தடியில் நின்று பெங்களூருக்குப் போன் செய்தேன். கிடா இருக்கிறது, கல்யாணத்துக்கும் இருக்கும், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மாள் என்னைத் திட்டியதில் பாதி கன்னடம், நல்லவேளை. என் வேலைக்கு இது நல்லதில்லை என்று தெரியும். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூக்கைச் சிந்திவிட்டுப் பந்திக்குப் போனேன்.

முதலாளிக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அவருக்குக் கறி பரிமாறியாகிவிட்டது, தொடவில்லை.

"அம்மணி, இது நம்முளுது இல்லீங்களே?"

"இல்லீங்கய்யா. நம்முளுது அங்க பந்தக்கால் வாழையத் தின்னுட்டிருக்குதுங்க."

எட்டிப் பார்த்தார். அது நிஜமாகவே தின்றுகொண்டிருந்தது. மூச்சை விட்டார். திரும்பும்போது என் சேலையைப் பார்த்தார். தோளிலிருந்து மடிவரை மஞ்சள் தெறிப்பு. எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களின் வேட்டி சட்டைகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் மஞ்சள். கடைசியாக, ரச வாளியோடு குறுக்கே போன முதலாளியம்மாவைப் பார்த்தார். முழங்கைவரை மஞ்சள். அந்த அம்மா இவர் பக்கம் திரும்பவே இல்லை.

முதலாளி இலைக்குத் திரும்பினார். கை நெஞ்சுக்குப் போய், சட்டையைத் தடவி, திரும்ப இலைக்கு வந்தது. சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

"ஏனுங்க," என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "அம்மணிக்கு இன்னொரு கரண்டி கறி போடுங்க."

போட்டார். நான் போதும் என்று கையால் மறிக்கவில்லை.